வாசலும் முகவரியும்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு ஹப் என்ற பெட்டியைத் தெரிந்திருக்கும். எட்டுக் கணினிகளைச் செருகினால், ஒன்று அனுப்புவதை மற்ற ஏழுக்கும் அப்படியே தள்ளிவிடும். யாருக்கு என்று பார்க்காது. தனக்கு வராததைக் கண்டும் காணாமல் விடுவது கணினியின் பொறுப்பு. விடாத கணினி அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும்.

ஹப்பின் இடத்துக்கு வந்த சுவிட்ச் வேறு ரகம். ஒவ்வொரு கணினிக்கும் உள்ள 48 பிட் மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அட்டவணை போட்டுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் கொடுக்கும். 1990இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 2011இல் ஈதர்நெட் தரத்தை வகுப்பவர்களே இனி ஹப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பொறியியலில் முடிந்த இந்த வழக்கு சமயத்தில் முடியவில்லை. இறைவனைப் பற்றிய சொல் எல்லோருக்குமா, தகுதியுள்ள காதுக்கு மட்டுமா? ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு குருவிடம் பெற்ற ரகசியத்தை ராமானுஜர் ஊரறியச் சொன்னார் என்கிறது வைணவ மரபு. மேடைகளில் குருவைக் கஞ்சராக்கி இந்தக் கதையைச் சொல்வார்கள். அது நியாயமில்லை. பக்குவமில்லாத காதில் விழுந்தால் பொருள் திரிந்துபோகும் என்ற அச்சத்துக்கு அர்த்தம் உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவர் என்று ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தலைக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும்; உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைத்துப் பாட வேண்டும். (48 பிட், 48 பேர் என்ற பொருத்தத்தில் ரகசியம் தேடுபவர்கள் தேடட்டும், அது வெறும் தற்செயல்.) பாடுபவர் பட்டியல் சுவிட்ச் மாதிரி கறாரானது. பாட்டு அப்படியல்ல, காது இருப்பவருக்கெல்லாம் கேட்கும்.

அந்தக் காது மதிலுக்கு வெளியே இருந்தால்?

ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். உள்ளே அதிர்ந்தது அவர் கொடுத்த தோல்; உள்ளே போகத்தான் சாதியின் பேரால் அவருக்கு அனுமதி இல்லை. ஒலி மதிலைத் தாண்டி அவரிடம் வந்தது, காட்சி வரவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள திருப்புன்கூரில் அவர் வெளியே நின்றே இறைவனைப் பார்க்க நந்தி விலகியதாகக் கதை. இன்றும் அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளித்தான் படுத்திருக்கிறது.

தகுதி பார்த்துத்தான் கொடுப்போம் என்கிறவர்கள் சுவிட்ச் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஒரு கணினி ஏதாவது அனுப்பும்போதுதான் அதன் முகவரி அட்டவணையில் ஏறும். வாயே திறக்காத கணினிக்கு அங்கே இடமில்லை. அப்படி ஒன்றுக்குச் செய்தி வந்தால் சுவிட்ச் அதைத் தூக்கி எறிவதில்லை. வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. அந்த நேரத்துக்கு அதுவும் ஹப்தான். தனக்குத் தெரியாததைத் தன் குறையாக அது எடுத்துக்கொள்கிறது. கோயில் வாசலோ அதை வந்தவரின் குறையாக்கியது. உள்ளேயே விடப்படாதவருக்குத் தகுதி இல்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் பிறந்த வைத்தியநாத ஐயர், அப்படி வாசலில் விலக்கப்பட்டிருந்தவர்களை 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு 76 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போக மாவட்ட ஆட்சியரும் போலீஸாரும் கூட நிற்க வேண்டியிருந்தது.