வலியறிந்து விரைதல்

தன் உடைமையை உள்ளபடியே வைத்துக்கொள்வதில் மனிதன் நிறைவு காண்பதில்லை. வாங்கிய வீட்டிற்கு ஒரு திண்ணை கூட்டுகிறான். தைத்த சட்டையைப் பிரித்து அளவு திருத்துகிறான். இன்றைய இளைஞன் அவ்வாறே தன் காரின் ஆற்றலைப் பெருக்க விழைகிறான். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போ, எரிபொருள் அளவை மாற்றும் மின்னணுத் திருத்தம், உறுமும் புகைக்குழாய் எனப் பட்டியல் நீள்கிறது. "என் பொருள், என் பணம், இதில் பிறர்க்கென்ன?" என்று அவன் கேட்கும்போது, அஃது இயந்திரவியலைக் கடந்து அறவியல் வினாவாகிவிடுகிறது.

இவ்விழைவைப் பழித்தல் எளிது, ஆயினும் முறையன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நிகழ்ந்தன. அன்று அயல்நாட்டுப் பந்தயக் கார் நம்மவர்க்கு எட்டாக்கனி. சாலையில் ஓடிய பியட்டையும் ஹெரால்டையும் தம் கையாலேயே திருத்திக் களமிறக்கினர். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டே 'பார்முலா மாருதி' என்னும் பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வண்டியில் தொடக்கப் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். ஆகவே திருத்தும் ஆசை அறிவின் ஆசையாகவும் இருக்கலாம் என்பது தெளிவு.

எனினும் அக்கலையின் உள்முறையை நாம் நோக்குதல் வேண்டும். தேர்ந்த வல்லுநர் எஞ்சினை முதலில் தொடுவதில்லை. டயரின் பிடிப்பையும் பிரேக்கின் வலிமையையும் முதலில் நோக்குவார். பின்னர் வண்டியின் தொங்கமைப்பைச் சீராக்கி, வேண்டாத எடையைக் குறைப்பார். எடை குறைந்தால் ஓட்டம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் ஒருங்கே மேம்படும். எஞ்சினின் முறை இவற்றிற்கெல்லாம் பின்னரே வரும். காரணம் எளிது. வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே சாலையில் 80 கிலோமீட்டரில் வந்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 36 மீட்டர் வேண்டும். ஓட்டும் வலியைப் பெருக்கி நிறுத்தும் வலியை மறந்தவன், பாதி வண்டியையே திருத்தியவனாவான். வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வண்டியின் அச்சை உவமையாக்கியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

இனி, இத்தீவில் வாழும் நாம் நம் சாலையை எண்ணிப் பார்ப்போம். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் காவலுடன் அணியாகவே புறப்பட வேண்டும். முந்துதலும் இடையில் நிறுத்துதலும் கூடா. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. சில நூறு பேரே எஞ்சியுள்ள ஓர் இனம் தன் கானகத்தில் அச்சமின்றி நடப்பதற்காகவே இக்கட்டுப்பாடு. அங்கே இருநூறு குதிரைத்திறன் கொண்ட வண்டியும் பழைய ஜீப்பும் ஒரே வரிசையில்தான் ஊர்ந்து செல்லும். பெருக்கிய ஆற்றலுக்கு அங்கே என்ன பொருள்? உப்புக்காற்று இரும்பை அரிக்கும் இத்தீவில், முறிந்த உதிரிப்பாகம் கடல் கடந்து வரும்வரை அவ்வண்டி முற்றத்தில் காத்துக் கிடக்கும் என்பதையும் நாம் அறிவோம்.

சட்டமும் இது பற்றி வாய்மூடி இருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி அடங்குவது வேறு, தக்கதறிந்து அடங்குவது வேறு. முன்னதற்குக் காவலர் வேண்டும். பின்னதற்கு நெஞ்சமே போதும்.

"என் பொருள்" என்ற வாதத்திற்கு இனி விடை கூறலாம். வண்டி ஒருவனுடையது, சாலையோ அனைவருடையது. பள்ளிவிட்டு வரும் குழந்தையும் சந்தைக்குச் செல்லும் மூதாட்டியும் அவனுடைய வேகத்திற்கு இசைவளித்தவர்கள் அல்லர். பந்தயக் களத்தில் இறங்குவோர் அனைவரும் இடரை அறிந்தே இறங்குகின்றனர். வண்டியைத் தகுதி நோக்கியே அனுமதிக்கின்றனர். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் அதற்கெனக் களங்கள் உள்ளன. ஒரே செயல் களத்தில் வீரமாகவும் தெருவில் கொடுமையாகவும் ஆவது இதனாலேயே.

கடல் கடந்து வந்து, கூலியாகவும் எழுத்தராகவும் வணிகராகவும் உழைத்து உயர்ந்த நம் குடும்பங்களுக்குக் கார் என்பது வெறும் ஊர்தியன்று. வாழ்ந்து காட்டியதன் சான்று. அச்சான்றை உரக்கச் சொல்ல மகன் விரும்பினால் அதனைப் பெற்றோர் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. மூன்று வினாக்களை அவன்முன் வைத்தால் போதும்: இவ்வாற்றலை எங்கே பயன்படுத்துவாய்? இதனை நிறுத்தும் வலி உன் வண்டிக்கும் உனக்கும் உண்டா? இது தவறினால் துன்புறுவோர் யார்? இவற்றிற்கு நேர்மையாக விடை தேடுபவன், முதலில் நல்ல டயரையும் பிரேக்கையுமே வாங்குவான். மேலும் விரைய விரும்பினால் களம் தேடிச் செல்வான். அவ்விளைஞனிடம் வண்டிச் சாவியை அச்சமின்றிக் கொடுக்கலாம்.