எரிந்து மிஞ்சியது

என் மேசையில், மானிட்டருக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு மங்கிய பொன்னிறத்தில் ஒரு படலம் இருக்கிறது. அக்ரிலிக் கட்டிக்குள் பதித்தது. கேப்டான் என்ற பிளாஸ்டிக். அப்போலோ கலம் ஒன்றின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்து, நிலவுக்குப் போய்த் திரும்பி வந்தது. முதல்முறை பார்த்தபோது மனைவி கேட்டாள், "சாக்லேட் பேப்பர் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ காசு?"

பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரிதான். இதே படலத்தில் பறக்காத துண்டு என்றால் யாரும் சீந்த மாட்டார்கள். 'பறந்தது' என்ற ஒரு சொல்லுக்குத்தான் விலை. கூடவே வரும் சான்றிதழ்த் தாளைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. பாட்டி ஏதோ ஒரு கோயில் திருநீற்றைப் பொட்டலமாக மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பார். அது எந்தக் கோயிலுடையது என்று நாங்கள் யாரும் சோதித்ததில்லை. அன்று அவரைக் கிண்டல் செய்தவன் இன்று அதையே டாலரில் செய்கிறேன்.

சேகரிப்பவர்கள் இன்னும் பெரிதாக மதிப்பது வெப்பக் கவசத் துண்டுகளை. அப்போலோவின் கவசம் அவ்கோட் என்ற பொருளால் ஆனது. தேன்கூடு போன்ற கண்ணாடியிழைச் சட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் கையில் துப்பாக்கி போன்ற கருவியைப் பிடித்து நிரப்ப வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே குமிழி இருந்தால் அந்த அறையைத் துளைத்தெடுத்து மறுபடி நிரப்புவார்கள். இவ்வளவும் எதற்கு? எரிவதற்கு. நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது கவசத்தின் மேற்பரப்பில் வெப்பம் 2,700 டிகிரி செல்சியஸை நெருங்கும். அவ்கோட் கருகி, வாயுவாகி, உதிர்ந்து, வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

விண்வெளி ஓடம் வேறு மாதிரி. அதன் ஓடுகள் எரிந்து தீர்வதில்லை, திரும்பத் திரும்பப் பறக்கும். சிலிக்கா இழையால் ஆனவை, உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. ஒரு ஓடத்தில் 20,000-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வடிவம். ஓடங்கள் ஓய்வுபெறும் நேரத்தில், 2010-இல், நாசா இந்த ஓடுகளை அமெரிக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்தது. அனுப்பும் செலவு 23.40 டாலர் மட்டும். ஆக, ஓடு வைத்திருப்பதில் தன்னளவில் தப்பொன்றும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். முன்பு அவரிடம் ஒரு சின்னப் பொருள் வாங்கியிருந்தேன். "ஓடுத் துண்டு ஒண்ணு இருக்கு, கிழக்கு டெக்சாஸ்ல வயல்ல கிடைச்சது, வேணுமா?"

கிழக்கு டெக்சாஸ் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2003 பிப்ரவரி 1 அன்று நான் பள்ளி மாணவன். கொலம்பியா ஓடம் தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லாவோடு ஏழு பேர். புறப்பட்ட 82-ஆவது நொடியில் வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. அக்கா செய்தித்தாளிலிருந்து கல்பனாவின் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அவருக்கு அனுப்பிய முதல் பதில்: "என்ன விலை?"

சட்டப்படி அந்தச் சிதிலங்கள் அமெரிக்க அரசின் சொத்து. எடுத்து வைத்துக்கொண்டால் குற்றம். ஆனால் சட்டத்தை விடுங்கள். சுமார் 25,000 பேர் காட்டிலும் வயலிலும் தேடி 84,000 துண்டுகளைச் சேர்த்தார்கள். ஹெலிகாப்டர் விழுந்து தேடிப்போனவர்களிலேயே இரண்டு பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் ஹெம்ப்ஹில் என்ற ஊருக்கு அருகே தரவுப் பதிவுப் பெட்டி ஒன்று கிடைத்தது. நூற்றுக்கணக்கான உணரிகளின் அளவுகள் அதன் நாடாவில் இருந்தன. இடது இறக்கைக்குள் எப்போது, எங்கே வெப்பம் புகுந்தது என்பதை அது சொன்னது. அந்தப் பெட்டியை முதலில் என்னைப் போல ஒருத்தன் பார்த்து, வீட்டு ஷெல்ஃபுக்கு எடுத்துப் போயிருந்தால்?

இது எனக்கு வெறும் கற்பனை இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி பணப் பரிமாற்றங்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. பதற்றத்தில் லாகை எடுத்து வைக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். எல்லாம் சரியாகிவிட்டது, பாராட்டும் கிடைத்தது. ஏன் தோற்றது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அதே பிழை மறுபடி வந்தது. உடைந்த பொருளின் மேல் முதல் உரிமை "ஏன்?" என்று கேட்பவர்களுக்குத்தான் என்று அன்று புரிந்தது.

'விசாரணைதான் 2003-லேயே முடிந்துவிட்டதே, இந்தத் துண்டு இனி என்ன சொல்லப்போகிறது?' என்று எனக்கு நானே வாதாடியும் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. மீட்ட துண்டுகளை கென்னடி விண்வெளி மையத்தில் பாதுகாத்து இன்றும் ஆய்வுக்குக் கொடுக்கிறார்கள். அப்படியே எதுவும் சொல்லாவிட்டாலும், அது ஏழு குடும்பங்களின் துக்கத்தின் ஒரு துணுக்கு. என் மேசையில் அதற்கு என்ன வேலை?

ஆனால் என் பொன்னிறப் படலமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்ததுதானே? அது கலத்திலிருந்து உரிக்கப்பட்டு, நினைவுப் பொருளாகக் கைமாறி வந்தது. அதை யாரும் ஒளித்து எடுக்கவில்லை. அதை நான் சந்தோஷமாகப் பார்க்க முடிவதற்குக் காரணம் பொருளில் இல்லை, அந்த மூன்று பேரும் வீடு திரும்பினார்கள் என்பதில் இருக்கிறது. மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான் போல.

அவர் விலையைச் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பதிலுக்கு இரண்டு நாள். பிறகு "வேண்டாம்" என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதவில்லை, நாசாவுக்குத் தெரிவிக்கவும் இல்லை. ஒருவேளை அது போலியாகக்கூட இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். துண்டு போலியாக இருக்கலாம், நான் விலை கேட்டது நிஜம்.

அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. இந்த லாகையாவது அழிக்காமல் வைத்திருக்கிறேன்.