சமம்

சத்சங்கம் ஒன்று நிறைவுற்றபின் முதிய அன்னையார் ஒருவர் தயங்கியவாறே கேட்டார்: “சுவாமிஜி, உடல், தலை, கழுத்து ஆகியவற்றை நேராக வைத்துத் தியானிக்க வேண்டும் என்கிறது கீதை. எனக்கோ முதுகு கூன் விழுந்துவிட்டது. எனக்கு இனித் தியானம் கிடையாதா?”

அவரது கண்கள் கலங்கியிருந்தன. இத்தகைய ஏக்கம் பலருக்கு இருக்கக்கூடும். ஆகவே ‘நேர்’ என்பதன் பொருளைச் சற்று ஆராய்வோம்.

யோக நூல்கள் மேருதண்டம் என்று போற்றும் முதுகெலும்பு, பொதுவாக 33 முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. அதன்கீழ் ஒன்றாக இணைந்துவிட்ட 5. வால் எலும்பாக முடிவன 4. கருவில் குழந்தை ஒரே வளைவாகச் சுருண்டிருக்கிறது. பிறந்தபின் தலை நிற்கும்போது கழுத்து வளைவும், எழுந்து நடக்கும்போது இடுப்பு வளைவும் எதிர்த்திசையில் நன்கு உருப்பெறுகின்றன. நிமிர்ந்து நிற்கும் மனிதனைப் பக்கவாட்டில் நோக்கினால் அவனது முதுகெலும்பில் நான்கு வளைவுகள் தெரியும்! அவை ஒன்றையொன்று ஈடுசெய்வதாலேயே நாம் விழாமல் நிற்கிறோம்.

நிமிர்வு என்பது வளைவற்ற நிலை அன்று. வளைவுகள் சமநிலை எய்திய நிலை. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் கையாளும் சொல்லும் ‘சமம்’ என்பதே. இரண்டாம் அத்தியாயத்தில் யோகத்திற்கு அவர் தரும் இலக்கணமும் ‘சமத்துவம்’ என்பதே என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் நிமிர்ந்து அமர்வது எதற்கு? எலும்பின்மீது எலும்பு சீராக அமரும்போது தசைகள் அதிகம் உழைக்க வேண்டுவதில்லை. சுவாசம் தடையின்றி நிகழ்கிறது. மனம் உடலை மறக்கிறது. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்று பதஞ்சலி முனிவர் விதித்ததும் இதன் பொருட்டே. உபாசனைக்கு அமர்ந்த நிலையை வலியுறுத்தும் பிரம்ம சூத்திரமும், திசை, இடம், காலம் பற்றிப் பேசுமிடத்து, மனம் ஒருமுகப்படுவதையே அளவுகோலாகக் கொள்கிறது.

எட்டுக் கோணல்கள் கொண்ட உடலுடன் ஜனகரின் அவைக்குச் சென்ற அஷ்டாவக்கிரரை மகாபாரதம் காட்டுகிறது. அவையில் வென்றது அவரது ஞானம். உடற்கோணல் அதற்குத் தடையாகவில்லை.

எனவே அந்த அன்னையாரிடம் கூறினேன்: “அம்மா, நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள், இயலாதபோது படுத்தபடியே இஷ்ட நாமத்தை ஜபியுங்கள். உடலால் இயன்ற அளவே அதனிடம் கேளுங்கள். மனத்தை மட்டும் இறைவனை நோக்கி நிமிர்த்துங்கள்.”

முதுகு நேராக உள்ள நாமும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தியானத்தில் தூண்போல் அமர்ந்திருக்கும் வேளையில், நேற்றைய அவமதிப்பை நோக்கியோ நாளைய ஆதாயத்தை நோக்கியோ நம் மனம் வளைந்து கிடக்கிறதல்லவா? அந்தக் கூனை நிமிர்த்துவதே சாதனை. அதற்கு வயதும் தடையன்று; நோயும் தடையன்று.