எல்லை கடந்த ஒற்றுமையும் கடைசி வரிசையும்

கணியன் பூங்குன்றனாரின் பாடல் ஒலிக்காமல் தமிழ்ச் சங்க விழா எதுவும் தொடங்குவதில்லை. கடல் கடந்து கார் நிக்கோபாருக்கு வந்து, அரசுப் பணியோ கூலி வேலையோ செய்து வாழும் நமக்கு அப்பாடலின்மேல் தனி உரிமையே உண்டு எனலாம். ஆயினும், எல்லைகளுக்கு அப்பால் பிரிந்து கிடக்கும் மக்களை ஒன்றாகப் பிணைப்பது மொழியா, உழைப்பா என்ற வினாவுக்குப் பாடல்களில் விடை தேட முடியாது. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

இவ்வினாவை நெடுங்காலம் சுமந்து வரும் நிலப்பரப்பு இலத்தீன் அமெரிக்கா. ஸ்பானிய ஆட்சியிலிருந்து பல நாடுகளை மீட்ட சிமோன் பொலிவார், அவற்றை ஒரு கூட்டமைப்பாக இணைக்க எண்ணி 1826இல் பனாமாவில் மாநாடு கூட்டச் செய்தார். மாநாடு பயனின்றி முடிந்தது. அவர் கண்மூடிய 1830ஆம் ஆண்டிலேயே அவர் உருவாக்கிய பெருங்கொலம்பியாவும் சிதறியது. அக்கனவைப் பிற்காலத்தில் இடதுசாரிகள் தமதாக்கிக் கொண்டனர். அர்ஜென்டினாவில் பிறந்து, கியூபாவில் போரிட்டு, 1967 அக்டோபரில் பொலிவியாவில் கொல்லப்பட்ட சே குவாராவின் வாழ்வே அதற்குச் சான்று. ஆனால் பொலிவிய மலைகளில் உள்ளூர் உழவர் அவர் பக்கம் சேரவில்லை. காரணங்கள் பல இருப்பினும், அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. அவருடைய தோழர்கள் கெச்சுவா மொழியைப் பயின்றிருந்தனர். அவர்கள் நடமாடிய வட்டாரத்துப் பழங்குடியினர் பேசியதோ குவாரானி! மேலும், ‘இலத்தீன்’ என்னும் பெயரே ஸ்பானியம், போர்த்துகீசியம் முதலிய மொழிகளின் வழியாக வந்தது. அந்நிலத்தின் மூத்த குடிகளுக்கு அப்பெயருக்குள் இடமில்லை. பழங்குடியினர் சிக்கல் அடிப்படையில் நிலச் சிக்கலே என்று 1928இலேயே எழுதிய பெரு நாட்டு மரியாத்தெகியை நாம் பொலிவாருக்கு மேலாகவே மதிக்கிறோம்.

இனி நம் கடலுக்கு வருவோம். இலங்கையில் 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் பெரும்பாலும் சிங்களவர். மலையகத் தோட்டங்களில் கொழுந்து கொய்தவர்கள் தமிழர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் துப்பாக்கிக்கு இரையானார். அவர் தரப்பின் நியாயத்தை விசாரணைக் குழுவின்முன் எடுத்துரைத்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. உலகப் போர்க் காலத்தில் சிறைப்பட்ட கொல்வின் முதலியோர் 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து நம் நாட்டு விடுதலைப் போரில் பங்கு கொண்டனர். இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் பொதுவாகப் போல்ஷ்விக் லெனினியக் கட்சி என்றொரு கட்சியே அப்போது இயங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகி, 1947இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரின் நெடிய வேலைநிறுத்தத்தை நடத்தினார். அவர்தம் துணைவியார் கரோலின் ஒரு சிங்களப் பெண்மணி. கடலும் மொழியும் தடையாகாத ஒரு காலம் உண்மையில் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அக்காலம் நீடிக்கவில்லை. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இடதுசாரிகள் அச்சட்டத்தை எதிர்த்து நின்றனர் என்பதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். தமிழ்க் காங்கிரஸின் தலைமையோ அரசில் சேர்ந்து அமர்ந்தது; அதனின்று பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழி ஒன்றாக இருந்தும், அமைச்சர் நாற்காலிக்கும் தேயிலைக் கூடைக்கும் இடையே நின்ற சுவர் அசையவில்லை.

1947 தேர்தலில் மலையகத்தாரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1952இல் ஓர் இடமும் இல்லை. நம் கருத்தில், பின்னர் நேர்ந்த எல்லா வழுவலுக்கும் வித்து இங்கேதான் உள்ளது. வாக்கற்றவனை மறப்பதால் எந்தக் கட்சிக்கும் இழப்பில்லை. இரு மொழி ஏற்றால் ஒரே நாடாக வாழலாம், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்தவர் அதே கொல்வின். 1964 ஜூனில் அவருடைய கட்சி சிரிமாவோ அம்மையாரின் அரசில் சேர்ந்தது. அக்டோபரில் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1972இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கிப் பௌத்தத்துக்கு முதலிடம் தந்த அரசியலமைப்பை வகுத்த அமைச்சரும் கொல்வினே!

அவ்வொப்பந்தத்தின் கணக்கைப் பாருங்கள். ஏறத்தாழ 9,75,000 மக்கள். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எழுத்தராகிய நமக்கு, நிலுவைத் தொகையை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வது எத்துணை எளிது என்று தெரியும். 1974இல் அந்நிலுவையையும் நாட்டுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்து முடித்தனர். அம்மக்களை யாரும் கேட்கவில்லை. 1971இல் இலங்கையில் ஆயுதமேந்திய இளைஞர்களை ஊரார் ‘சே குவாரா’ கூட்டத்தார் என்றே அழைத்தனர். கடல்கள் பல தாண்டிய அந்தப் பெயரை ஏந்தியவர்களும், தோட்டத் தமிழரை இந்திய விரிவாதிக்கத்தின் கருவியாகவே தம் வகுப்புகளில் சித்திரித்தனர்.

இவ்வளவும் ஏட்டுச் செய்தி அன்று. அவ்வொப்பந்தத்தின்படி வந்தவர்களுள் சில குடும்பங்கள், நமக்குத் தெற்கேயுள்ள கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. அங்குப் பிறந்த நண்பர் ஒருவர் நம் அடுத்த வீட்டில் வசிக்கிறார். ஒருநாள் மாலைத் தேநீரின்போது அவர் சொன்னார்: “அங்கே இருந்தவரைக்கும் எங்கப்பா இந்தியாக்காரர் சார். மண்டபம் முகாமுக்கு வந்ததும் சிலோன்காரர். கச்சாலுக்கு வந்த பிறகுதான் தமிழர் ஆனார்.” நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. சற்றுநேரம் கழித்து, “ரப்பர் நட்ட இடம் முன்னே யார் காடுன்னு அப்பா கடைசிவரை கேட்டதே இல்லை” என்றார்.

அந்தச் சொல் நம்மை உறுத்திக் கொண்டே இருக்கிறது. இத்தீவுகளில் பழங்குடியினரின் நிலத்துக்கு 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை காப்பாக உள்ளது. நிக்கோபாரியர் நிலத்தைத் துஹேத் என்னும் கூட்டுக் குடும்பமாகவே ஆண்டு வருகின்றனர். நாம் அனுமதிச் சீட்டோடு வந்த விருந்தினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அது யாருடைய சீட்டையும் பார்க்கவில்லை என்பது வேறு.

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நடந்ததைச் சொல்லி முடிப்போம். முன்வரிசையில் ஊதியப் படிநிலையின் வரிசைப்படியே அமர்ந்திருந்தோம். சாலைப் பணிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திருந்த இராமநாதபுரத்துத் தமிழர்கள் விளக்கொளிக்கு அப்பால் நின்றனர். திடலை நமக்குத் தந்த நிக்கோபாரி ஊர்த் தலைவர், இங்கே ‘கேப்டன்’ என்று அழைக்கப்படுபவர், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். கச்சால் நண்பர் தம் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு பின்னால் சென்றார். கேப்டனுக்கா, நரைத்த தலையோடு நின்ற கூலியாளுக்கா என்று ஒரு கணம் தயங்கியவர், அதைக் கூலியாளிடம் வைத்துவிட்டு, இன்னொன்று எடுக்கத் திரும்பி வந்தார். அவர் வருவதைக் கண்டும் நாம் எழவில்லை.

இவ்வாண்டு இருக்கைப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்துள்ளது. முதல் வரிசையில் எழுதியிருந்த பெயர்களை அடித்துவிட்டு, தாளை வெறுமையாக மேசைமேல் வைத்திருக்கிறோம். நண்பரை நாளை மாலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.