சிப்பந்தியின் கூலியும் நம் கல்லாப் பெட்டியும்

 

நம் சர்க்கார் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 1,700 வெள்ளியாக்கியது தாங்கள் அறிந்ததே. பெரிய கடைகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தேதியிலும், ஐந்து பேருக்குக் குறைவாகச் சிப்பந்திகள் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலும் அது அமலுக்கு வந்தது. 2013ல் இத்திட்டம் தொடங்கியபோது தீபகற்பத்தில் 900 வெள்ளிதான்.

பள்ளிவாசலில் தொழுது வெளியே வந்தால் இதே பேச்சு. "மதீனாவில் விலை ஏறியபோது, விலை கட்டித் தரும்படி கேட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து விட்டார்களே, கூலிக்கு மட்டும் எப்படி விலை கட்டலாம்?" என்று கேட்கிறார் ஒருவர். ஹதீஸ் உண்மைதான், அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பாதியில் விடலாமா? எவருடைய உயிரிலும் பொருளிலும் அநியாயம் செய்தவராக இறைவனைச் சந்திக்கலாகாது என்று அஞ்சியே அவர்கள் மறுத்தார்கள். இமாம் இப்னு தைமிய்யா அவர்களோ, மக்களுக்குத் தேவையான தொழில்களில் அநியாயம் நேராதபடி நியாயமான கூலியை ஆட்சியாளர் விதிக்கலாம் என்று 'அல்-ஹிஸ்பா' என்னும் கிதாபில் எழுதியிருக்கிறார்கள். அன்னாரின் கருத்தெல்லாம் நமக்கு ஒப்புமா என்பது வேறு விஷயம்.

"மூன்று வேளைச் சோறும் மாடியில் படுக்க இடமும் கொடுக்கிறேனே, அதையும் கூட்டினால் 1,700 தாண்டுமே!" என்பார் இன்னொருவர். நம் பாட்டன்மார் கடைகளில் அப்படித்தான் நடந்தது. இன்றோ 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். சோற்றுக்கு நாமே விலை போட்டு அதில் கழிக்க முடியாது. மீறினால் ஓர் ஆளுக்குப் பதினாயிரம் வெள்ளி வரை அபராதம். அது கிடக்கட்டும். தாம் உண்பதிலிருந்து தம் கைக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் உண்ணக் கொடுக்கும்படி நாயகம் அவர்கள் ஏவியதை அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஏவப்பட்ட சோற்றுக்குப் பில் போடுவது எந்த ஊர்ப் பேரேடு?

"பையனே சம்மதித்து விட்டான்" என்பதுதான் எனக்கு அச்சமூட்டும் பேச்சு. அவன் பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது? பாஸ்போர்ட்டை யார் பூட்டி வைத்திருக்கிறார்? வேலை போனால் ஊரில் பட்ட கடனை அடைக்க வழியில்லாதவன் தலையாட்டுவது சம்மதமாகுமா? மத்யனில் மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர் எட்டு வருஷம் என்று தவணை பேசினார். மேற்கொண்டு இரண்டு வருஷத்தை அவர்கள் விருப்பத்துக்கே விட்டு, சிரமப்படுத்த மாட்டேன் என்றும் சொன்னார். ஸூரத்துல் கஸஸில் பாருங்கள்.

நம் கஷ்டம் பொய்யென்று நான் சொல்லவில்லை. 1,500 கொடுத்தவர் நாலு பேருக்கு மாதம் 800 வெள்ளி கூடுதலாகத் தேட வேண்டும், சேமநிதி தனி. ஆனால் நம்மை நசுக்குவது சம்பளம் மட்டுமா? 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. பழைய கடைவீடுகளின் வாடகை எங்கே போய் நிற்கிறது என்பது தங்களுக்கே தெரியும். கட்டடக்காரர் கேட்டால் வாய் பேசாமல் கொடுக்கிறோம். சிப்பந்தி கேட்டால் சட்டம் பேசுகிறோம். சர்க்காரிடம் வாடகையைப் பற்றி மனுக் கொடுக்கச் சங்கம் முன்வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரை பாக்கி பாக்கிதான். ஆகஸ்ட் முதல் குறைத்துக் கொடுத்தவர்கள் பேரேட்டைப் புரட்டி, மாதம் மாதமாக எழுதிக் கூட்ட வேண்டும். ஆள் ஊருக்குப் போயிருந்தாலும் விலாசம் தேடி அனுப்ப வேண்டும். குகையில் அடைபட்ட மூவரில் ஒருவர், கூலி வாங்காமல் போனவனின் பங்கைக் கால்நடை மந்தையாகப் பெருக்கி வைத்திருந்து, அவன் வந்ததும் அப்படியே ஒப்படைத்தார். நம்மிடம் அவ்வளவு கேட்கப்படவில்லை. மொத்தமாகத் தர இயலாதவர் தவணை சொல்லலாம். அதையும் வாய்ப்பேச்சாக விடாமல், அவனுக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை அவன் கையிலேயே கொடுத்து விடுங்கள்.