நாலாவது தொழில்

பாரிஸில் நிலத்துக்குக் கீழே ஓடுகிற மெற்றோவுக்கு நான் முதன்முதல் இறங்கியது 2025 ஆவணியில். எழுபத்தொரு வயசு. லாக்கூர்நெவ்வில் மகள் குடியிருக்கிற மாடிக்குக் கிட்டத்தான் ஏழாம் இலக்கப் பாதையின் கடைசி ஸ்ரேசன். படி தொடங்கிற இடத்தில் என் கால் நின்றுவிட்டது. பேரன் நாலு படி கீழே போய்த் திரும்பிப் பார்த்தான்.

“கெதியா வாங்கோ அம்மம்மா. உதில என்ன பயம்?”

பதினொரு வயசு, அங்கேயே பிறந்தவன். உதில என்ன பயமென்று அவனுக்கு எப்படிச் சொல்வது? சுன்னாகத்தில் எங்கள் வளவு மாமரத்தின் கீழே ‘ட’ எழுத்து வடிவத்தில் ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. பொம்மர் இரைச்சல் கேட்டால் இவனுடைய தாயை இழுத்துக்கொண்டு அதற்குள் பாய்வேன். அப்போது அவளுக்கு நாலு வயசு. ஈரமண் மணம், குப்பிவிளக்கு, பிள்ளையின் வாயைப் பொத்தின என் கை. நிலத்துக்குக் கீழே இறங்குவது என்றால் என் உடம்புக்கு அது ஒன்றுதான் தெரியும்.

கோச்சி எங்களுக்குப் புதிதல்ல. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 பங்குனியிலேயே ரயில் ஓடியது. பாரிஸ் மெற்றோ 1900 ஆடியில் தொடங்கியது. எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கிற லாச்சப்பலில் ஸ்ரேசன் திறந்தது 1903 இல். அப்படிப் பார்த்தால் சுன்னாகத்துப் பாதை அதற்கு ஒரு வயசு மூத்த அக்கா. ஆனால் 1990 இல் யாழ்தேவிக் கோச்சி நின்றபிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பிடுங்கிப் பங்கர் கட்டினார்கள். 2015 தையில் கோச்சி காங்கேசன்துறைவரை திரும்பி வருமட்டும், கிட்டத்தட்ட இருபத்தைந்து வருசம், எங்கள் ரயில்பாதையும் நிலத்துக்குக் கீழேதான் இருந்தது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. ஆரும் பெரிதாகச் சிரித்ததில்லை.

நான் சைவசமயம் படிப்பித்த ஆள். முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளுக்கு ஐந்தொழில் சொல்லிக்கொடுத்தேன்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நடராசர் படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு, உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல் என்று பிரம்பால் தொட்டுக்காட்டுவேன். நாலாவதில் எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும், கடவுள் ஏன் ரீச்சர் மறைக்கிறார் என்று. விடை என்னிடம் தயாராக இருக்கும். உயிர் தன் வினையை அநுபவித்துத் தீர்க்கவேண்டும். அதற்கு உலகத்தில் மனம் பதியவேண்டும். அதற்காக இறைவன் உயிரோடேயே நின்றும் தன்னைக் காட்டாமல் நிற்கிறான். மலம் பழுத்தபின் அந்தச் சத்தியே அருட்சத்தியாகிறது. ஆகவே மறைத்தலும் கருணையே. ஐந்து புள்ளிக்கு இது போதும்.

எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு தாய்க்கு இது போதவில்லை. 1996 இல் ஒரு சுற்றிவளைப்பில் அவவுடைய மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயசு. அதோடு சரி. அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அப்படிப் போனார்கள். நாலைந்து வருசத்துக்கு முன், திருவெம்பாவை முடிந்த ஒரு விடியற்காலை, கதிரமலைச் சிவன் கோயில் வீதியில் என்னை மறித்துக் கேட்டா: “ரீச்சர், மறைக்கிறதும் அவற்ரை தொழில் எண்டுதானே படிப்பிச்சனீங்கள்? என்ரை பிள்ளையை மறைச்சதும் அவரோ?”

நான் விபூதிச் சரையை மடித்து மடித்துப் பார்த்தேன். பிறகு வேறு கதை கதைத்தேன். அந்தக் கேள்வி என்னோடு பாரிஸுக்கும் வந்தது.

இனி மெற்றோ. அப்போது ஒரு தரம் போக இரண்டரை யூரோ. எங்கள் காசில் எண்ணூறு ரூபாவுக்கு மேல். பேரன் அட்டையைத் தட்ட, கதவு வாய் திறந்து என்னை விழுங்கியது. கடைசி ஸ்ரேசனின் பெயரே ஒரு திகதி: லாக்கூர்நெவ், 8 மே 1945. ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்த நாள். ஏழாவது தரிப்பில் இறங்கினோம். அதன் பெயர் ஸ்ராலின்கிராட். அதுவும் யுத்தம். அங்கே இரண்டாம் இலக்கத்துக்கு மாறவேண்டும். மற்ற வண்டிக்கு இன்னும் கீழே போகவேண்டுமாக்கும் என்று நினைத்தேன். பிள்ளை மேலே ஏறினான். ஏறி ஏறி வெயிலுக்குள் வந்துவிட்டோம். வடக்கு, கிழக்கு ரயில்பாதைகளைக் கடக்கவேண்டியிருந்ததால் இரண்டாம் இலக்கத்துக்கு அந்த இடத்தில் இரும்புத் தூண் நாட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். பார்பெஸ், லாச்சப்பல், ஸ்ராலின்கிராட், ஜோரெஸ் என்ற நாலு ஸ்ரேசன்தான் அந்தப் பாதையில் வெளிச்சம் கண்டவை. மற்றதெல்லாம் மண்ணுக்குக் கீழே. எங்கள் சனம் போய்ச் சேர்ந்த இடத்தில் மெற்றோ நிலத்தை விட்டு வெளியே வருகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் புளுகம்.

“அம்மம்மா, லாச்சப்பல் எண்டு போர்ட் தேடாதேங்கோ. போர்த் தோபின் எண்டு எழுதியிருக்கிற பக்கம் நிக்கோணும்.”

“அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. நாங்கள் அங்க போறதும் இல்லை. கடைசி ஸ்ரேசன்ர பேர் தெரிஞ்சாத்தான் சரியான பக்கம் ஏறலாம்.”

முத்தியைப் பற்றி முப்பத்திரண்டு வருசம் நான் சொன்னதை இவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். எங்களில் முக்கால்வாசிப்பேர் நடுவழியில் இறங்குகிற ஆட்கள்தான். ஆனாலும் கடைசி இடத்தின் பெயர் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை தனியே வெளிக்கிட்டேன். லாச்சப்பலுக்குப் பக்கத்தில், பஜோல் தெருவில், 1985 இல் எங்கள் ஆட்கள் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. ஆவணிக் கடைசியில் தேர் இழுத்து, தெருவில் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைக்கிறார்கள். அங்கே போகத்தான் புறப்பட்டேன். மகள் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதித் தந்திருந்தாள். ஸ்ராலின்கிராட் மட்டும் பிழையில்லை. அங்கே சனத்தோடு அடிபட்டு ஏறினேன். ஒரு தரிப்புத்தானே என்று இருந்தால், வந்தது ஜோரெஸ். அடுத்தது சரியாக வரும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வண்டி மூக்கைக் குத்திச் சரிந்து இறங்கியது. யன்னலில் இருந்த வானம் ஒரு முழத்துக்கு வந்து, ஒரு சாணுக்கு வந்து, இல்லாமல் போனது. காது அடைத்தது. நெஞ்சுக்குள் பழைய பொம்மர் இரைந்தது. நான் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன்.

அப்போது மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் அடுத்த ஸ்ரேசனின் பெயரைச் சொன்னது. அந்தப் பாதையில் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் சொல்வார்கள். முதல் தரம் குரல் உயர்ந்து, கேட்கிற மாதிரி இருக்கும். மற்றத் தரம் குரல் தணிந்து, விடை சொல்கிற மாதிரி. கொலொனல் ஃபபியான்? கொலொனல் ஃபபியான். வண்டி நின்றது, சுவரிலும் அதே பெயர் பெரிய எழுத்தில். பக்கத்தில் முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்த ஓர் ஆபிரிக்கப் பெண்ணிடம் கடதாசியை நீட்டினேன். பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், படியேறி மறுபக்கம் கொண்டுபோய், வண்டி வருமட்டும் நின்று, ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனாள். தன் வண்டியை விட்டுவிட்டு. நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பிழையான பக்கம் போனேன். காணாமல் போகவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கோயிலில் கற்பூரம் கொளுத்தும்போதுதான் நினைத்தேன்.

கொலொனல் ஃபபியான் ஆர் என்று இரவு பேரனைக் கேட்டேன். போனில் தேடிச் சொன்னான். ஜேர்மன்காரர் பாரிஸைப் பிடித்திருந்தபோது, 1941 ஆவணியில் பார்பெஸ் மெற்றோ மேடையில் ஒரு ஜேர்மன் கடற்படையாளைச் சுட்ட இளைஞன்; சொந்தப் பெயர் பியேர் ஜோர்ஜ், இது இயக்கப் பெயர். எனக்குக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை. எங்கள் பாதையில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்ப்பெயர்கள்தான். இவர்கள் தங்கள் யுத்தத்தையும் செத்தவர்களையும் போர்டில் எழுதி, வேலைக்குப் போகிற சனமெல்லாம் வாசிக்க விட்டிருக்கிறார்கள்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பேரன் என்னை நாலாம் இலக்கத்தில் முன் இருக்கையில் இருத்தினான். அதற்கு இப்போது ஓட்டுநர் இல்லை. 1998 இல் திறந்த பதினாலாம் இலக்கம் பிறந்த நாள் முதலே அப்படி. முன்கண்ணாடி முழுவதும் எங்களுக்கே. இத்தனை நாள் மறைந்திருந்ததைப் பார்க்கப்போகிறேன் என்று நிமிர்ந்து இருந்தேன். கறுத்த சுவர், வயர், குழாய், பச்சை விளக்கு, வளைவு. தூரத்தில் காசளவு வெளிச்சம் தோன்றி, வளர்ந்து, ஸ்ரேசன் ஆகும். திரும்பவும் இருட்டு.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். இருள் மற்றப் பொருளைக் காட்டாது. ஆனால் இது இருள் என்று தன்னைக் காட்டும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். எத்தனையோ தரம் படிப்பித்த இடம். அந்த முன் இருக்கையில் என் நாக்கில் அது புதிதாக ஊறியது. சுரங்கத்து இருள் யோக்கியமான இருள். நான் இருட்டு, பொறு, அடுத்தது வருகிறது என்று சொல்கிறது. வந்ததும் பெயர் சொல்கிறது. சிவனின் மறைத்தல் இந்த வகை. நூல் படித்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

அந்தத் தாயின் மகனை மறைத்தது இந்த வகையா? கொண்டுபோனவர்கள் கொண்டுபோகவில்லை என்றார்கள். போய்க் கேட்ட இடத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். மறைத்ததையும் மறைத்தாயிற்று. சித்தாந்தத்தில் அதற்குப் பெயர் மறைத்தல் என்கிற திரோதானம் அல்ல, ஆணவம். அந்த ஆணவத்தை இறைவன் உண்டாக்கவுமில்லை. செம்பில் களிம்பு போல அது உயிரோடு அநாதியாய் ஒட்டினது என்றுதான் எங்கள் சாத்திரம் சொல்கிறது. மனிசர் செய்ததை ஊன்றிய காலின் கணக்கில் எழுதுவது சிவனுக்கும் அநியாயம், அந்தத் தாய்க்கும் அநியாயம். எல்லாம் அவரவர் வினை என்று அவவுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். வினையை அவர்கள் தங்களுக்குச் சொல்லட்டும், பிள்ளையைத் தேடுகிறவளுக்கு வேண்டாம். களிம்பை ஏன் இவ்வளவு காலம் விட்டுவைத்திருக்கிறான் என்று நீங்கள் மேலும் கேட்டால், எனக்கும் அதில் அரைத் திருப்திதான்.

புரட்டாதியில் ஊருக்கு வந்தேன். அடுத்த நாளே அவ வந்தா, முருங்கையிலைக் கட்டோடு. அது அவர் இல்லை அக்கா என்று சொன்னேன். அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தெரிந்ததுதானே என்ற மாதிரி இருந்தா. மெற்றோக் கதையைத்தான் கேட்டா.

“இருட்டுக்கை இறங்கிற இடம் எப்பிடித் தெரியும் ரீச்சர்? பேர் சொல்லுவினமோ?”

“ஓம். ரண்டு தரம் சொல்லுவினம். முதல் தரம் கேக்கிற மாதிரி, மற்றத் தரம் சொல்லுற மாதிரி.”

அவ கொஞ்சம் இருந்து, மகனின் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தா. கேட்கிற மாதிரி.

2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கினார்கள். 2026 மாசியோடு ஒன்பது வருசம். அவ போவா. இந்த முறை நானும் கூடப் போகிறேன்.