அடங்கின கோபமும் தணிந்த கோபமும்

ஓம் சரவணபவ!

கோபம் அடங்குவதும் கோபம் தணிவதும் ஒண்ணுதானா? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் எனக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்து, "நல்லாருக்கியாண்ணே?" என்றான். அவ்வளவுதான், உள்ளே எல்லாம் கலங்கிவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அம்மாவின் தண்ணீர்ப் பானை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கலாக இருக்கும். மணல் சில நொடியில் அடியில் போய்விடும். களிமண் போகாது. துகள் 100 மடங்கு சிறிதானால் 10,000 மடங்கு மெதுவாக இறங்கும் என்பது கணக்கு. ஒரு சாண் இறங்கவே ரெண்டு மூணு நாள். போதாததற்கு, களிமண் துகள்களுக்கெல்லாம் ஒரே வகை மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும், சேராது, கனம் ஏறாது. அதனால்தான் அம்மா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்ப்பார். அந்தச் சாறு துகள்களை ஒட்டித் திரளாக்கி இறக்கிவிடும். படிகாரம் போட்டாலும் அப்படித்தான்.

என் கதையும் அதேதான். சொத்து என்ற மணல் சீக்கிரம் அடங்கிவிட்டது. அன்று பேசின சின்னச் சின்ன வார்த்தைகள்தான் இன்னும் மிதக்கின்றன.

அம்மா அதோடு விடமாட்டார். தெளிந்த நீரை அலுங்காமல் வேறு பானையில் இறுத்துவிட்டு, வண்டலை முருங்கைக்கு ஊற்றுவார். நான் இறுக்கவே இல்லை. பானையை ஆட்டாமல் வைத்திருந்ததையே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சூரனை வென்றபின் முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி. அதனால் கந்த சஷ்டிக்கு அங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். முடிந்த போரை அங்கே மறுபடி நடத்துவதில்லை. நானோ மனசுக்குள் தினமும் நடத்துகிறேன்.

"அடியில மண்ணை வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேசினா வேஷம் இல்லையா?" என்று வீட்டில் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. அடியில் வண்டல் இருந்தாலும் மேலே நிற்பது நிஜமாகவே நல்ல தண்ணீர்தான். தாகத்தோடு வந்தவனுக்கு முதலில் அதைக் கொடுக்கலாம். வண்டலைப் பிறகு கழுவலாம்.

தேத்தாங்கொட்டை மாடத்திலேயே இருந்தால் தண்ணீர் தெளியாது, தேய்க்கணும். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனை எடுக்காமல் இருப்பதும் அப்படித்தான்.

நேற்று கிருத்திகை. விளக்கேற்றிவிட்டுத் தம்பிக்குப் போன் பண்ணினேன். "நல்லாருக்கேன்டா" என்றேன். அவன் கேட்டதற்கு ஒரு மாதம் கழித்துப் பதில். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அப்புறம், "சாப்பிட்டியாண்ணே?" என்றான்.

உங்கள் பானையிலும் இப்படி ஏதாவது இருந்தால், இன்றே இறுத்துவிடுங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!